அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து விச்சிட்டாவுக்கு வேலைக்கு வரும் தம்பிக்கு

தம்பி, குளிர் உடை, வாடகை, மளிகைக் கடை என்று வரிசையாகக் கேட்டிருக்கிறீர்கள். அவையெல்லாம் வந்த ஒரு வாரத்தில் தானாகப் பிடிபட்டுவிடும். கடைசிக் கேள்விதான் முக்கியம்: மார்ச் மாதம் அலுவலகத்தில் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியில் யார் யார் வெல்வார்கள் என்று ஊகித்து அட்டவணையை நிரப்பச் சொன்னால், அணிகளின் பெயருக்குப் பக்கத்தில் உள்ள எண்ணை நம்பலாமா?

கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். 68 அணிகள், நான்கு பிரிவுகள், ஒவ்வொன்றிலும் 1 முதல் 16 வரை தரவரிசை எண்; மிகப் பலமான அணிக்கு 1. ஓர் ஆட்டம் தோற்றாலே வெளியே. எண்ணை முடிவுசெய்வது 12 நிர்வாகிகள் கொண்ட குழு. கணினிக் கணக்கு கையில் இருந்தாலும் கடைசியில் வாக்கெடுப்புதான். அங்கேதான் சிறிய கான்பரன்ஸ் (தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) அணிகள் அடிபடுகின்றன.

இந்த ஊர் அணியையே பாருங்கள். 2014-இல் விச்சிட்டா ஸ்டேட் பல்கலைக்கழக அணி 34 ஆட்டங்களிலும் வென்று 1-ஆம் எண்ணோடு போனது. இரண்டாவது ஆட்டத்திலேயே எதிரில் கென்டக்கி பல்கலைக்கழகம். பருவத் தொடக்கத்தில் நாட்டின் முதல் அணியாகக் கணிக்கப்பட்ட அணிக்கு 8-ஆம் எண்! 78-76 என்று தோற்றோம். கடைசி நொடியில் எங்கள் ஆட்டக்காரர் ஃபிரெட் வான்வ்லீட் எறிந்த பந்து வளையத்துக்குள் விழவில்லை. அந்தக் கென்டக்கி இறுதி ஆட்டம் வரை போனது. 2017-இல் நேர்மாறு. 30 வெற்றி, 4 தோல்வி, அணிகளின் பலத்தைக் கணக்கிடும் கென்பாம் இணையதளத்தின் கணினி வரிசையில் முதல் பத்துக்குள் இடம். குழு தந்ததோ 10-ஆம் எண். மறுபடியும் இரண்டாவது ஆட்டம், மறுபடியும் கென்டக்கி, 65-62. இம்முறை அநியாயம் கென்டக்கிக்கும்தான்: 2-ஆம் எண் பெற்ற அணி அவ்வளவு பலமான எதிரியை அவ்வளவு சீக்கிரம் சந்தித்திருக்கக் கூடாது.

பெரிய அணிகள் சிறிய அணியின் ஊருக்கு வந்து ஆடுவது அபூர்வம். பிறகு, "நீங்கள் யாரை வென்றீர்கள்?" என்று குழு கேட்கிறது. யாரோடு ஆடினார்கள் என்பதைவிட எப்படி ஆடினார்கள், எவ்வளவு வித்தியாசத்தில் வென்றார்கள், வெளியூரில் என்ன செய்தார்கள் என்பதற்கே எடை வேண்டும். 2018-இல் வந்த 'நெட்' என்ற அணித் தரவரிசைக் கணக்கு அந்தத் திசையில் ஓரடி வைத்தது. ஆனால் அது குழுவின் கையில் உள்ள ஒரு கருவி மட்டுமே. எண்ணை அந்தக் கணக்கே போடட்டும் என்பேன்.

நான் வந்த புதிதில் மதிய உணவு வேளையில் பேச ஆளில்லாமல் தயிர்சாத டப்பாவைத் திறந்து மூடிக்கொண்டிருப்பேன். எதிர் மேசைக்காரர் ஒருநாள் அட்டவணைத் தாளையும் பென்சிலையும் என் பக்கம் தள்ளினார். அன்று தொடங்கிய பேச்சு இன்றும் நிற்கவில்லை. பல ஆண்டுகள் இங்கே இருந்தும் கிரிக்கெட்டைத் தவிர எதையும் ஏறெடுத்துப் பார்க்காமல், "இவர்கள் நம்மைச் சேர்த்துக்கொள்வதில்லை" என்று புலம்பும் நம்மவர்கள் உண்டு. அவர்கள் பேச்சுக்குக் காது கொடுக்காதீர்கள். பணம் கட்டிப் பந்தயம் வைப்பவர்களிடமும் விலகியே இருங்கள்.

நவம்பரில் பருவம் தொடங்கும். வந்ததும் சொல்லுங்கள், விச்சிட்டா ஸ்டேட் ஆடும் கோக் அரங்கில் முதல் ஆட்டத்துக்கு உங்களுக்கும் சேர்த்து டிக்கெட் எடுக்கிறேன்.