தர்க்கம், உணர்ச்சி, நம்பகத்தன்மை: வாசகரை இணங்க வைப்பதில் எதற்கு முதலிடம்?

கட்டுரை எழுதுபவர்கள் இந்த மூன்றையும் வைத்துத்தான் வாசகரைத் தம் பக்கம் கொண்டுவருகிறார்கள் என்று வகுப்பில் சொன்னார்கள், இதில் எது முக்கியம், எப்படிப் பழகுவது என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில் நம்பகத்தன்மை. ஆனால் அது 'எனக்கு இத்தனை வருட அனுபவம்' என்று முதல் வரியில் எழுதிவிடுவதால் வருவதில்லை.

நான் பாம்பன்காரன். படகுக்காரர்களுக்கும் கடல்பாசி எடுக்கிற பெண்களுக்கும் மனு, துண்டறிக்கை, பத்திரிகைக்குக் கடிதம் என்று பல வருடமாக எழுதிக் கொடுத்து வருகிறேன். அதனால் உதாரணமெல்லாம் எங்கள் கரையிலிருந்துதான் வரும்.

மூன்றாகப் பிரித்தவர் அரிஸ்டாட்டில், கி.மு. 4ஆம் நூற்றாண்டில். அவர் மனதில் இருந்தது பொதுச்சபையும் வழக்குமன்றமும். பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற ஒன்றை அவர் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்: பேசுபவர் மேல் வருகிற நம்பிக்கை அந்தப் பேச்சாலேயே வர வேண்டும், அவருக்கு முன்பே இருக்கிற பெயரால் அல்ல. விஷயம் தெரிந்த ஆள், நேர்மையான ஆள், நம் நல்லதை நினைக்கிற ஆள் என்று கேட்பவருக்குத் தோன்ற வேண்டும். இதில் மூன்றாவதைத்தான் எழுதுபவர்கள் அதிகம் மறக்கிறார்கள்.

விஷயம் தெரிந்த ஆள் என்பது எப்படித் தெரியும்? எங்கள் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 'தடைக்காலத்தில் மீனவர்கள் யாரும் கடலுக்குப் போக முடியாமல் பட்டினி கிடக்கிறார்கள்' என்று ஒரு கட்டுரை தொடங்கினால், தங்கச்சிமடத்தில் டீக்கடையில் உட்கார்ந்து படிக்கிறவர் அந்த வரியிலேயே பேப்பரை மடித்து வைத்துவிடுவார். தடை விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகுகள் அப்போதும் தொழிலுக்குப் போகும். எழுதியவருக்கு இரக்கம் நிஜமாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் கடலைத் தெரியாதவர் என்று முத்திரை விழுந்துவிட்டது, அதற்கப்புறம் அவர் சொல்கிற சரியான கணக்கும் எடுபடாது. மாறாக, 'விசைப்படகில் கூலிக்குப் போகிறவருக்கு இந்த 61 நாளும் வருமானம் இல்லை, முதலாளியிடம் வாங்கின முன்பணம்தான் ஏறிக்கொண்டு போகிறது' என்று எழுதிப் பாருங்கள். அனுபவம் என்ற சொல்லே வரவில்லை. ஆனால் ஆள் தெரிந்துவிடும்.

அடுத்தது தர்க்கம். எண்ணையும் காரணத்தையும் அடுக்கினால் தர்க்கம் ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். இதிலும் அரிஸ்டாட்டில் சொன்னது நடைமுறைக்கு மிகப் பொருந்துகிறது. கேட்பவர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதிலிருந்துதான் வாதம் கிளம்ப வேண்டும். அதைச் சொல்லாமல் விட்டாலும் அவரே நிரப்பிக்கொள்வார்.

பாக் நீரிணையில் இழுவைமடியை (விசைப்படகு கடலடியோடு இழுத்துக்கொண்டு போகிற வலை) விட்டு ஆழ்கடலுக்குப் போகச் சொல்லும் அரசுத் திட்டம் 2017இல் வந்தது. அப்போது படகு விலை 80 லட்சம், அதில் 70 சதவீதம், அதாவது 56 லட்சம், மானியம். வெளியூர்க் கட்டுரையாளர் இதை எழுதிவிட்டு, 'இவ்வளவு மானியம் கொடுத்தும் ஏன் மாற மறுக்கிறார்கள்?' என்று முடிப்பார். அவர் பார்வையில் வாதம் முடிந்தது. படகு உரிமையாளர் பார்ப்பது மீதி 30 சதவீதத்தை. அது 24 லட்சம். வங்கிக் கடன் 16 லட்சம், கைக்காசு 8 லட்சம். அப்புறம், நாள் கணக்கில் கடலில் தங்கித் தூண்டில் போடுகிற தொழிலுக்கு ஆள் பிடிக்க வேண்டும், ஒருநாள் தொழிலுக்கே பழகின ஆட்களை வைத்துக்கொண்டு. இவரிடம் ஆழ்கடலுக்கு ஆதரவாகப் பேச வேண்டுமானால் 24 லட்சத்திலிருந்து தொடங்குங்கள், 56 லட்சத்திலிருந்து அல்ல.

இதையே கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற வாசகரை வைத்து யோசித்துப் பாருங்கள். 'எல்லைக்கோடு போட்டது 1974இல், அதற்கு முன்பே எங்கள் பாட்டன்மார் அங்கே தொழில் செய்தார்கள்' என்ற வாதத்துக்கு ராமேஸ்வரத்தில் மறுபேச்சே கிடையாது. யாழ்ப்பாணத்து மீனவரும் தமிழில்தான் படிக்கிறார். போர்க்காலத்தில் கடலில் இறங்கவே அவருக்குக் கட்டுப்பாடு. 2009க்குப் பிறகு கடன் வாங்கிப் போட்ட வலையை ராத்திரியில் இழுவைப்படகு அறுத்துக்கொண்டு போனது அவருடைய கதை. இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டம் போட்டுத் தடை செய்தபோது அதை அவர் தன் வெற்றியாகப் பார்த்தார். அவருக்கு எழுதுகிற கடிதத்தின் முதல் பத்தியில் 'உங்கள் வலை அறுந்தது உண்மை, அறுத்தது எங்கள் கரைப் படகுகள்' என்று இருக்க வேண்டும். இதை எழுதினால் நம் பக்க நியாயம் பலவீனமாகிவிடும் என்று மீனவர் சங்கத்தில் சண்டை வரும். எனக்குத் தோன்றுவது நேர் எதிர். அந்த வரி இல்லாவிட்டால் கைது, படகு பறிமுதல் பற்றி நாம் சொல்கிற நியாயம் எதுவும் அவர் காதில் ஏறாது. நம் நல்லதை நினைக்கிற ஆள் என்ற எண்ணம் வருவது இந்த இடத்தில்தான்.

உணர்ச்சி பற்றி எனக்குக் கொஞ்சம் கோபமே உண்டு. எங்கள் ஊரைப் பற்றி யார் எழுதினாலும் 1964 டிசம்பர் புயலையும் தனுஷ்கோடியின் இடிந்த தேவாலயத்தையும் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். சாலை கேட்டு எழுதினாலும் அதுதான், சுற்றுலா பற்றி எழுதினாலும் அதுதான். செத்துப்போனவர்களின் பேரன் பேத்திகள் இங்கே இருக்கிறார்கள். விஷயத்துக்குத் தேவையில்லாத இடத்தில் அந்தத் துக்கத்தை எடுத்துப் போடுவது தப்பு என்றே நினைக்கிறேன்.

பயமுறுத்தலும் அப்படித்தான். 'இன்னும் சில வருடத்தில் கடலில் மீனே இருக்காது' என்று படித்தவர், 'சரி, இருக்கிறவரைக்கும் பிடிப்போம்' என்றுதான் சொல்வார். தப்பிக்க வழி உண்டு என்ற நம்பிக்கை கொஞ்சமாவது இருந்தால்தான் பயம் மனிதரை யோசிக்க வைக்கும் என்று அரிஸ்டாட்டிலே எழுதியிருக்கிறார். ஆவுளியா (கடல்பசு) அழிகிறது என்று மட்டும் எழுதினால் பரிதாபத்தோடு நின்றுவிடும். ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் நடுவே சில வருடம் ஆகும், அதனால் வலையில் மாட்டினதை உயிரோடு விடுவது ஒவ்வொன்றும் கணக்கில் சேரும், விட்டவர்களுக்கு வனத்துறை வெகுமதி கொடுத்திருக்கிறது என்று எழுதினால், படிக்கிறவருக்கு அடுத்த முறை செய்வதற்கு ஒரு காரியம் கிடைக்கிறது.

மூன்றும் ஒரே வரியில் சேர்கிற இடமும் உண்டு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இல் தேசியப் பூங்கா ஆயின. அந்தத் தீவுகளை ஒட்டிப் பாசி எடுக்கிற பெண்களைத் தடுக்க வேண்டாம் என்று கேட்டு எழுத வேண்டும். 'ஏழைப் பெண்கள், வேறு வழியில்லை' என்பதை அதிகாரிகள் தினமும் கேட்கிறார்கள். நான் எழுதியது இப்படி: பாறை கிழிக்காமலிருக்க விரலுக்கு விரல் துணி சுற்றிக்கொண்டு முங்குகிற இந்தப் பெண்கள், பாசி திரும்ப வளரட்டும் என்று மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பதாகத் தாங்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். பாசியை அழிப்பவர்கள் என்ற குற்றச்சாட்டுக்கு அதிலேயே பதில் இருக்கிறது. துணி சுற்றிய விரல் கண்ணில் நிற்கிறது. கட்டுப்பாட்டைத் தாங்களே போட்டுக்கொண்டவர்கள் என்பதால் அவர்கள் சொல்லுக்கும் மதிப்பு வருகிறது.

பழகுவதற்கு: உங்கள் ஊர் விஷயம் ஒன்றை எடுத்து, அதே கோரிக்கையை இரண்டு வாசகருக்கு எழுதுங்கள். ஒன்று உங்களோடு ஒத்துப்போகிறவருக்கு, இன்னொன்று அதனால் நஷ்டப்படப் போகிறவருக்கு. இரண்டாவதை எழுதி முடித்ததும், அந்தத் தொழிலில் இருக்கிற ஒருவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அவர் எந்த வரியில் குறுக்கே பேசுகிறாரோ, அங்கேதான் உங்கள் கட்டுரை உடைகிறது. அந்த வரியை முதலில் திருத்துங்கள்.