டார்ச் சோதனையில் ‘ஹெர்பிஸ் பாசிட்டிவ்’: கர்ப்பிணி எதற்கு அஞ்ச வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 27, ஐந்து மாதக் கர்ப்பம். முதல் கரு கலைந்ததால் இம்முறை, கருவைப் பாதிக்கக்கூடிய தொற்றுகளைத் தேடும் ரத்தப் பரிசோதனைத் தொகுப்பான டார்ச் சோதனை எடுத்தோம். ‘ஹெர்பிஸ் 1, 2’ ஐஜிஎம், ஐஜிஜி இரண்டும் பாசிட்டிவ். எனக்குப் புண்ணோ கொப்புளமோ வந்ததே இல்லை. இது பாலுறவால் வரும் நோய் என்று இணையத்தில் படித்த பிறகு என் கணவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. குழந்தையின் மூளை பாதிக்கும் என்றும் போட்டிருக்கிறது. மருந்துக்கடையில் கேட்டு அசைக்ளோவிர் மாத்திரை சாப்பிடுகிறேன். முதுகுவலி, முடி உதிர்வு, சிறுவயதில் வந்த அக்கி ஆகியவையும் இதனால்தானா?

பதில்: இந்த வைரஸ் உங்களுக்கு எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது, உடலில் எங்கே இருக்கிறது என்ற மூன்றில் ஒன்றைக்கூட உங்கள் கையிலுள்ள அறிக்கை சொல்லாது. ஆகவே, அதை வைத்து அவர் உங்களைச் சந்தேகிக்கவும் நீங்கள் அவரைச் சந்தேகிக்கவும் மருத்துவத்தில் இடமே இல்லை. இந்தப் பதிலை உங்கள் கணவரும் படிக்க வேண்டுமென்று விரும்புகிறேன்.

ஐஜிஎம், ஐஜிஜி இரண்டும் கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள்கள்; பொதுவாக ஐஜிஎம் முதலில் தோன்றும், ஐஜிஜி பின்னர் தோன்றி நிலைக்கும். ஆனால் ஐஜிஎம் பாசிட்டிவ் என்றால் புதிய தொற்று என்பது ஹெர்பிஸுக்குப் பொருந்தாது. பல ஆண்டுகளுக்கு முன் வந்த தொற்று மீண்டும் கிளம்பும்போதும் அது பாசிட்டிவ் ஆகும். அதே குடும்பத்தைச் சேர்ந்த சின்னம்மை வைரஸுக்கு உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளைப் பார்த்தும் ஏமாறக்கூடும். பெரும்பாலும் வாயில் வரும் முதல் வகையா, பெரும்பாலும் பிறப்புறுப்பில் வரும் இரண்டாம் வகையா என்றும் நம்பகமாகப் பிரித்துக் காட்டாது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டி இச்சோதனையைப் பரிந்துரைக்கவில்லை. இருந்தும் டார்ச் தொகுப்பில் அது தொடர்ந்து இடம்பெறுவதும், அந்த ஒரு வரியால் குடும்பங்கள் குலைவதும் எனக்கு மிகுந்த வருத்தம் தருகின்றன.

ஐஜிஜி அதைவிடப் பயனுள்ளது. ஆனால் உங்களுக்குச் செய்திருப்பதுபோல் இரு வகைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் அதற்கும் பொருளில்லை. உலகச் சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கின்படி, 50 வயதுக்குட்பட்டோரில் ஏறக்குறைய 64 விழுக்காட்டினரிடம் முதல் வகை இருக்கிறது. பாட்டியோ அத்தையோ கொடுத்த முத்தத்தில் எச்சில் வழியாகச் சிறுவயதிலேயே வந்து, ஒரு கொப்புளமும் காட்டாமல் அது தங்கியிருக்கலாம். இரண்டாம் வகையைத் தனியே அறியும் ஐஜிஜி சோதனையிலும், பரவலாகப் பயன்படும் முறைகளில் எதிர்ப்பொருளின் அளவைக் குறிக்கும் இன்டெக்ஸ் எண் 1.1ஐத் தாண்டினாலே பாசிட்டிவ் என்று அச்சாகிவிடும். ஆனால் 3க்குக் கீழுள்ள முடிவுகளில் பல தவறானவை என்பதால், வேறொரு முறையில் மறுசோதனை செய்யாமல் அவற்றை ஏற்கக்கூடாது. தொற்றிய உடனே எடுத்தால் நெகட்டிவும் நம்பத்தக்கதல்ல. எதிர்ப்பொருள் தெரியும் அளவுக்கு உருவாக 12 வாரம் வரை ஆகும். துணைவருக்குப் பிறப்புறுப்பு ஹெர்பிஸ் உறுதியாகியிருந்தாலோ, திரும்பத் திரும்பப் புண் வந்தும் காரணம் பிடிபடாவிட்டாலோ இச்சோதனை உதவும். அறிகுறியே இல்லாத கர்ப்பிணிக்கு இது தேவையில்லை.

நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது கடைசி மூன்று மாதங்களை. அப்போது பிறப்புறுப்பிலோ, தொடை இடுக்கிலோ, ஆசனவாயைச் சுற்றியோ எரிச்சலுடன் சிறுசிறு நீர்க்கொப்புளங்கள் கொத்தாகத் தோன்றி உடைந்து வலிக்கும் புண்ணானால், சிறுநீர் கழிக்கையில் தாங்கமுடியாத எரிச்சல் இருந்தால், அன்றே உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் செல்லுங்கள். பூஞ்சைத் தொற்று என்று நினைத்துக் கடையில் களிம்பு வாங்கித் தடவ வேண்டாம். புதிய கொப்புளத்தின் மேல்தோலை விலக்கி, அதன் அடிப்பகுதியைப் பஞ்சுக்குச்சியால் அழுத்தித் துடைத்து, வைரஸின் மரபணுவைத் தேடிச் செய்யும் பிசிஆர் சோதனைதான் நோயையும் வகையையும் சரியாகச் சொல்லும். பொருக்குத் தட்டிவிட்டால் வைரஸ் சிக்காமல் போகக்கூடும்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பிரசவத்தை ஒட்டி முதன்முதலாகத் தொற்றினால், குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 30 முதல் 50 விழுக்காடு. பழைய தொற்றாக இருந்தால் தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். அப்போது அந்த வாய்ப்பு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. பிரசவ வலி தொடங்கும்போது புண் இருந்தால் சிசேரியன் செய்வோம். பிறப்புறுப்பு ஹெர்பிஸ் உறுதியானவர்களுக்கு 36ஆம் வாரத்திலிருந்து அசைக்ளோவிர் கொடுப்போம். உங்கள் கணவருக்குக் காய்ச்சலின்போது உதட்டோரம் கொப்பளிக்கும் வழக்கம் உண்டா என்று கேளுங்கள். உண்டென்றால், கடைசி மூன்று மாதங்களில் வாய்வழி உறவு வேண்டாம்.

நீங்களாகச் சாப்பிடும் மாத்திரையை நிறுத்துங்கள். இதுவரை சாப்பிட்டதால் குழந்தைக்குக் கெடுதல் வரும் என்று பயப்பட வேண்டாம். அது கர்ப்ப காலத்தில் நாங்களே தேவைக்குக் கொடுக்கும் மருந்துதான். ஆனால் நோயே உறுதியாகாதபோது மருந்து எதற்கு? சென்ற முறை கரு கலைந்ததற்கும் இந்த அறிக்கை காரணம் சொல்லாது. தொடக்க மாதங்களில் கலையும் கருக்களில் ஏறத்தாழப் பாதி, குரோமோசோம் கோளாற்றால் கலைபவை. அக்கி வேறு வைரஸால் வருவது. முதுகுவலிக்கும் முடி உதிர்வுக்கும் இதனுடன் தொடர்பில்லை.

உதட்டில் கொப்புளம் உள்ள எவரையும், அவர் எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும், பிறந்த குழந்தையை முத்தமிட விடாதீர்கள். முதல் ஆறு வாரங்களில் குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, காய்ச்சலோ வலிப்போ வந்தாலோ, தோலில் நீர்க்கொப்புளம் தெரிந்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.