லாகோஸின் பழைய வீடுகள் யாருடையவை? (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

பின்னலாடை வணிகத்தின் பொருட்டு நைஜீரியாவின் லாகோஸ் நகருக்குச் சென்று, பத்து நாட்கள் தங்கித் திரும்பியிருக்கிறேன். மஞ்சள் நிற டான்ஃபோ வேன்களின் இரைச்சலும், மணிக்கணக்கில் நகராத சாலைகளும், காயலின் மேல் நீண்டுகொண்டே போகும் பாலமும் இன்னும் நினைவிலிருந்து அகலவில்லை. ஆனால் கட்டிடங்கள் ஏமாற்றமளித்தன. பழையவை ஐரோப்பாவின் நகல்கள். புதியவை எந்த ஊரிலும் இருக்கக்கூடிய கண்ணாடிப் பெட்டிகள். தனக்கென்று ஒரு கட்டிடக்கலை இல்லாத நகரம் அது என்று நான் நினைப்பது சரிதானா?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

இரைச்சலைப் பற்றி நீங்கள் எழுதியதை மறுக்க மாட்டேன். நெரிசலுக்கு ‘கோ-ஸ்லோ’ என்று பெயர் வைத்து, நின்றுபோன வண்டிகளுக்கிடையே குடிநீர் முதல் செருப்பு வரை விற்றுப் பிழைக்கிற ஊர் அது. கண்ணாடிப் பெட்டிகளைப் பற்றியும் எனக்கு வேறு கருத்தில்லை. பழைய கட்டிடங்களை ஐரோப்பிய நகல்கள் என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

லாகோஸ் தீவின் உட்தெருக்களில், வளைவுச் சாளரங்களும் அவற்றைச் சுற்றிச் சுதை வேலைப்பாடும் கொண்ட மாடிவீடுகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைக் கண்டால் போர்த்துகல் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் அந்தப் பாணியை அங்கே கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர் அல்லர். பிரேசிலுக்கு அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு, அங்கே கொத்தர்களாகவும் தச்சர்களாகவும் உழைத்து, விடுதலை பெற்றுத் திரும்பி வந்த ஆப்பிரிக்கர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்தான். 1835-ல் பிரேசிலின் பாஹியா பகுதியில் முஸ்லிம் அடிமைகள் நடத்திய எழுச்சி ஒடுக்கப்பட்ட பின் இந்தத் திரும்புதல் வலுத்தது. 1888-ல் பிரேசில் அடிமைமுறையை ஒழித்த பிறகும் தொடர்ந்தது. லாகோஸில் அவர்களை ‘அகுடா’ என்று அழைத்தார்கள். அங்கே எசமானர்களுக்காகக் கட்டிய கைகள் இங்கே தமக்காகக் கட்டின என்னும்போது, நகல் என்ற சொல்லுக்கு என்ன பொருள் மிஞ்சுகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

மார்ட்டின்ஸ் தெருவிலுள்ள ஷிட்டா-பே பள்ளிவாசலை நீங்கள் பார்த்தீர்களா? சியரா லியோனில் பிறந்த, யோருபா இனத்தைச் சேர்ந்த வணிகர் முகமது ஷிட்டா தம் செலவில் எழுப்பி, 1894 ஜூலையில் திறக்கப்பட்ட கட்டிடம் அது. வடிவமைத்தவர் பிரேசிலிலிருந்து திரும்பிய ஜோவாவ் பாப்டிஸ்டா ட கோஸ்டா. ஒட்டோமான் சுல்தான் அளித்த ‘பே’ என்ற பட்டம் கட்டியவரின் பெயரோடும் பள்ளிவாசலின் பெயரோடும் ஒட்டிக்கொண்டது. பாஹியாவின் தேவாலயங்களை நினைவூட்டும் முகப்புக்குப் பின்னால் தொழுகை நடக்கிறது. இதற்கு ஐரோப்பாவில் மூலம் தேடினால் கிடைக்காது.

காக்காவா தெருவில் ரோச்சா என்ற அகுடா குடும்பத்தின் ‘நீர்வீடு’ இருக்கிறது. தங்கள் கிணற்றுத் தண்ணீரை ஊருக்கு விற்றதால் வந்த பெயர். அருகிலேயே டோகுன்போ என்றொரு தெரு. கடல்கடந்த நாட்டில் பிறந்து ஊர் திரும்பிய பிள்ளைக்கு யோருபா மக்கள் வைக்கும் பெயர் டோகுன்போ. இன்று அதே சொல்லால், வெளிநாட்டிலிருந்து இறக்குமதியாகும் பழைய கார்களைக் குறிக்கிறார்கள். உங்களை ஏற்றிச் சென்ற வண்டியும் ஒரு டோகுன்போவாகவே இருந்திருக்கலாம்.

இந்தப் பாணி செல்வர் வீடுகளோடு நிற்கவில்லை. நடுவில் முற்றம் வைத்துச் சுற்றிலும் அறைகள் கட்டியது யோருபா மரபு. நடுவில் நீண்ட நடைவழி வைத்து இருபுறமும் அறைகளை எதிரெதிரே அமைத்தது அகுடா வீடு. அகுடா கொத்தர்களிடம் தொழில் கற்றவர்கள் வழியாக அந்த அமைப்பு உள்நாட்டு ஊர்களுக்கும் பரவியது. லாகோஸில் அறைக்கொரு குடும்பமாக வாடகைக்கு விடும் வரிசை வீடுகளின் நடைவழியிலும் அதன் சாயலைக் காணலாம். ‘என்னைப் பார், நான் உன்னைப் பார்க்கிறேன்’ என்ற பொருளில் அவற்றுக்கு ஒரு வேடிக்கைப் பெயர் உண்டு. இரண்டு தெருக்கள் தள்ளி நடந்திருந்தால் நீங்களே கண்டிருப்பீர்கள்.

நகல்தான் வேண்டுமென்றால் அதுவும் அங்கே இருக்கிறது: 1977-ன் கலைவிழாவுக்காக எழுப்பப்பட்ட தேசிய அரங்கம். படைவீரரின் தொப்பி போலத் தோன்றும் அக்கட்டிடத்துக்கு முன்மாதிரி பல்கேரியாவின் வர்ணா நகரிலுள்ள ஒரு மாளிகை. உங்கள் கோபத்தை அதன்மேல் திருப்பிக்கொள்ளுங்கள். நான் குறுக்கே வர மாட்டேன்.

மறுமுறை போனால், ஞாயிறு காலையில், சந்தை கூடாத நேரத்தில், காக்காவா தெருவிலிருந்து நடக்கத் தொடங்குங்கள். டினுபு சதுக்கத்தில் ‘இலோஜோ பார்’ என்ற பழைய வீடு எங்கே என்று மட்டும் தேட வேண்டாம். 1855-ல் ஃபெர்னாண்டஸ் குடும்பத்தார் கட்டிய அந்த வீடு 1956-ல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. 2016 செப்டம்பரில் இடித்துத் தள்ளிவிட்டார்கள்.