பாதிக் கடல் தெரிந்த அறை

(24 ஆண்டுகள் ஓட்டல் ரிசப்ஷனில் நின்று ஓய்வு பெற்றவர், வாசகர்களின் பயணக் குறைகளுக்குப் பதில் சொல்லும் பகுதி)

கேள்வி: ஐயா, வெளிநாட்டில் ஒரு கடற்கரை ஊருக்கு நானும் கணவரும் ஐந்து இரவு தங்கப் போனோம். கல்யாணமாகி 25 வருஷம் ஆனதற்கு எங்களுக்கு நாங்களே கொடுத்துக்கொண்ட பரிசு. கடல் தெரியும் அறை என்று ஒரு புக்கிங் தளத்தில் கூடுதல் பணம் கட்டியிருந்தேன். போய்ச் சேரும்போது ராத்திரி பதினொன்றரை. கொடுத்தது பின்பக்க அறை. பால்கனியில் நின்றால் எதிரே வரிசையாக ஏசி மெஷின்கள். ஓரத்துக்குப் போய்க் கழுத்தை வளைத்தால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவில் ஒரு சாண் கடல். டவல் கேட்டு மூன்று தடவை போன் செய்தேன். மறுநாள் மத்தியானம் ஒன்றே ஒன்று வந்தது. ரிசப்ஷனில் இருந்த பெண் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்த்துப் பேசவில்லை. 'அஞ்சு நாள்தானே, விடு' என்றார் கணவர். விட்டுவிட்டோம். திரும்பி வந்தும் மனசு ஆறவில்லை. பணம் ஏதாவது திரும்பக் கிடைக்குமா? எங்களைப் பார்த்தால் அவ்வளவு இளப்பமாகவா தெரிந்தது?
(பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன் சகோதரி. உங்களை உறுத்துவது பணம் இல்லை, அதுதான்.

முகத்தைப் பார்த்து மரியாதையை அளக்கிறவர்கள் எங்கள் தொழிலில் இல்லவே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் உங்களுக்கு அந்த அறை ஒதுக்கப்பட்டபோது உங்கள் முகத்தை அங்கே யாரும் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. எந்த அறை யாருக்கு என்பது பெரும்பாலும் அன்று காலையிலேயே முடிவாகிவிடும். அடிக்கடி வருகிறவர், ஓட்டலிலேயே நேராக புக் செய்தவர், அதிக வாடகை கொடுத்தவர் என்று மேலிருந்து நிரப்பிக்கொண்டு வருவோம். வெளித் தளத்தில் சலுகை விலைக்கு புக் செய்த, முதல் தடவை வருகிற, நள்ளிரவில் வந்து சேருகிற விருந்தாளிக்கு மிஞ்சுவது லிஃப்ட் ஓரத்து அறை, துணி வண்டி நிறுத்தும் அறைக்குப் பக்கத்து அறை, இல்லை உங்களுக்குக் கிடைத்த ஏசி முதுகு. நானே எத்தனையோ பேருக்கு அந்தச் சாவியைச் சிரித்துக்கொண்டே நீட்டியிருக்கிறேன். பத்தில் எட்டுப் பேர் உங்களைப் போல வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். திரும்பி வந்து கேட்ட இரண்டு பேருக்கு எப்படியோ வேறு அறை இருக்கும்! எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். அவசரத்துக்கென்று ஒன்றிரண்டை எப்போதும் கையில் வைத்திருப்போம்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய ஆள் அந்தப் பெண் இல்லை. இரவு ஷிஃப்டில் இருப்பவரால் அதிகபட்சம் அறை மாற்ற முடியும். பில்லில் கை வைக்க முடியாது. அது டூட்டி மேனேஜர் கையில். அவரைக் காலை பத்து மணிக்குப் போய்ப் பிடித்தால் வேலைக்காகாது. முன்னால் பத்துப் பேர் பெட்டியோடு காலி செய்ய நிற்பார்கள். ஒரு மணி வாக்கில் கூட்டம் கலையும், புது ஆட்கள் இன்னும் வந்திருக்க மாட்டார்கள். அப்போது போய்க் குரலை உயர்த்தாமல் இரண்டே வாக்கியம்: "கடல் தெரியும் அறைக்குப் பணம் கட்டினேன், கிடைக்கவில்லை. இன்றைக்கே மாற்றிக் கொடுங்கள், முடியாதென்றால் எவ்வளவு குறைப்பீர்கள் என்று சொல்லுங்கள்." என்ன வேண்டும் என்று சொல்லாமல் கோபத்தை மட்டும் கொட்டுகிறவருக்கு நாங்கள் ஒரு தட்டு பழம் அனுப்பிக் கணக்கை முடித்துவிடுவோம்.

மூன்று தடவை போன் செய்தேன் என்கிறீர்கள். அது எங்கேயாவது பதிவாகியிருந்தால்தான் புகார், இல்லாவிட்டால் அப்படி ஒன்று நடக்கவே இல்லை. ரிசப்ஷனில் ஷிஃப்ட் மாறும்போது கைமாறுகிற ஒரு குறிப்பேடு இருக்கும், இப்போது கம்ப்யூட்டரில். 'என் புகாரை அதில் எழுதுங்கள்' என்று கேட்டால் யாரும் மறுப்பதில்லை. புக் செய்த தளத்தின் செயலி வழியாக ஒரு படத்தோடு ஓட்டலுக்குச் செய்தி அனுப்பியிருந்தால் இன்னும் உத்தமம். தேதி, நேரம் எல்லாம் தானாக விழுந்துவிடும்.

சரி, இனி என்ன செய்யலாம்? முதலில் புக்கிங் சீட்டை எடுத்துப் பாருங்கள். 'கடல் தெரியும்' என்று இருக்கிறதா, 'ஓரளவு கடல் தெரியும்' என்று இருக்கிறதா? இரண்டாவது என்றால் அந்த ஒரு சாணைக் காட்டியே உங்களை மடக்கிவிடுவார்கள். முதலாவது என்றால் பிடி உங்கள் கையில். ஓட்டலின் ஜெனரல் மேனேஜருக்கும் புக்கிங் தளத்துக்கும் ஒரே கடிதம்: அறை எண், தேதிகள், பால்கனியிலிருந்து எடுத்த படம். ஐந்து இரவுப் பணத்தையும் கேட்காதீர்கள், அங்கேயே படுத்து எழுந்தவர்களுக்கு அதை யாரும் தர மாட்டார்கள். கடலுக்காகக் கூடுதலாகக் கட்டிய தொகையைக் கேளுங்கள். அசையாவிட்டால் கார்டு கொடுத்த வங்கியில் 'சார்ஜ்பேக்' கேட்கலாம், அதாவது கார்டில் கட்டிய பணத்தை வங்கி மூலமாகவே திரும்பக் கேட்பது. விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் பெரும்பாலான புகார்களுக்கு 120 நாள்தான் கெடு, அதனால் தள்ளிப்போடாதீர்கள். சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று காட்ட முடிந்தால் ஜெயிக்க வழி உண்டு. நிமிர்ந்து பார்க்காத பெண்ணுக்கு எந்த வங்கியிலும் ரீஃபண்ட் இல்லை.

கேள்வி: விமானம், ஓட்டல் எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜாக வாங்கியிருந்தால் யாரைக் கேட்பது?

பதில்: விற்ற ஏற்பாட்டாளரை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015-ம் ஆண்டின் பேக்கேஜ் பயண நெறிமுறையும் பிரிட்டனில் 2018-ம் ஆண்டின் விதிகளும் ஓட்டலின் குறைக்கும் அவரையே பொறுப்பாக்குகின்றன; விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஆனால் அங்கேயும் ஒரு கொக்கி உண்டு. குறை தெரிந்ததும் தாமதிக்காமல் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். மேலே எழுதிய சகோதரியின் கணவர் மாதிரி 'விடு' என்றால் சட்டமும் ஏறக்குறைய விட்டுவிடும்.

கேள்வி: நான்கு நட்சத்திர ஓட்டல் என்றார்கள். லாட்ஜ் மாதிரி இருந்தது. நட்சத்திரத்தை யார்தான் கொடுக்கிறார்கள்?

பதில்: உலகத்துக்கெல்லாம் சேர்த்து ஒருவர் கொடுப்பதில்லை. பிரான்சில் அரசு சார்ந்த 'அட்டூ பிரான்ஸ்' (Atout France) என்ற சுற்றுலா அமைப்பு கொடுக்கிறது, ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இத்தாலியில் மாநிலத்துக்கு மாநிலம் விதி வேறு. ஐரோப்பாவில் சில நாடுகள் 2009-ல் ஹோட்டல்ஸ்டார்ஸ் யூனியன் என்று சேர்ந்து பொது அளவுகோல் வைத்துக்கொண்டன. 1999-ல் துபாயில் திறந்த புர்ஜ் அல் அரபுக்கு ஏழு நட்சத்திரம் என்பார்கள். அது ஏட்டில் இல்லாத, வாய்வழி வந்த பட்டம். சில புக்கிங் தளங்கள் தாமாகவே ஒரு மதிப்பைப் போட்டுக்கொள்வதும் உண்டு. முறையாக வாங்கிய நட்சத்திரமாகவே இருந்தாலும், அது முக்கியமாகப் பார்ப்பது லிஃப்ட் இருக்கிறதா, ரிசப்ஷன் எத்தனை மணி நேரம் திறந்திருக்கிறது போன்றவற்றை. லிஃப்டுக்குள் வாடை அடித்தால் நட்சத்திரம் ஒன்றும் உதிராது.

கேள்வி: பணம் கட்டி உறுதியும் செய்த பிறகு 'அறை இல்லை' என்று வேறு ஓட்டலுக்கு அனுப்பினார்கள். இது நியாயமா?

பதில்: நியாயம் இல்லை, ஆனால் நடப்பதுதான். வராமல் போகிறவர்களைக் கணக்குப் போட்டு, இருப்பதைவிடக் கூடுதலாக விற்பார்கள். ஒருநாள் எல்லோரும் வந்து நிற்பார்கள். யாரை அனுப்புவது என்று பார்க்கும்போது குழந்தையோடு வந்த குடும்பத்தைத் தொட மாட்டோம். தனியாக, ஒரே இரவுக்கு, கடைசியாக வந்தவர் அகப்படுவார். நல்ல ஓட்டல்களின் வழக்கம், அதே தரத்தில் இடம் பிடித்து, அன்றைய வாடகையையும் டாக்சிக் கட்டணத்தையும் தாங்களே கொடுப்பது. டாக்சியில் ஏறும் முன்பே இதை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஷிஃப்ட் மாறிவிட்டால், சொன்னவரை மறுநாள் தேடிப் பிடிப்பது கஷ்டம்.