பில்லில் ‘யூ.என்.சி. 65’, கையில் மினுக்கின காசு

கேள்வி: ஐயா, நான் நல்லூரைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். பழைய நாணயங்கள் சேர்ப்பவன். இரண்டு மாதத்துக்கு முன் யாழ் நகரில் ஒரு கடையில், ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் உருவம் பதித்த 1918ஆம் ஆண்டு வெள்ளி ரூபாய் ஒன்றை 42,000 ரூபாய்க்கு வாங்கினேன். பில்லில் ‘யூ.என்.சி. 65’ என்று எழுதித் தந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த சேகரிப்பாளர் ஒருவர் பார்த்துவிட்டு, “இது மினுக்கின காசு, யூ.என்.சி. இல்லை” என்கிறார். கடைக்காரரோ, “தரம் அவரவர் கண்ணைப் பொறுத்தது. நீங்களும் பார்த்துத்தானே வாங்கினீர்கள்? விற்ற பொருள் திரும்ப எடுப்பதில்லை என்று பில்லிலேயே இருக்கிறது” என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: கடைக்காரர் சொல்வதில் பாதி சரி. அந்தப் பாதியோடு நீங்கள் மல்லுக்கு நிற்கக்கூடாது.

‘யூ.என்.சி.’ என்றால் புழக்கத்துக்கே போகாத காசு. காசின் தரத்தை அளக்கும் 70 புள்ளி அளவுகோலில் 60உம் அதற்கு மேலும் உள்ளதெல்லாம் அந்த வகைதான். அதற்குள் 65ஆ, 63ஆ என்பது அபிப்பிராயம். கைதேர்ந்த இருவர் ஒரே காசுக்கு இரண்டு எண் சொல்வது வழமையானதுதான். “65 என்றார், 63தான் தேறும்” என்று மட்டும் நீங்கள் வந்திருந்தால், வழக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பியிருப்பேன். ஆனால் புழங்கியதா இல்லையா, மினுக்கியதா இல்லையா என்பது காசின் மேலேயே தெரிகிற சங்கதி. உங்கள் முறைப்பாடு முழுக்க அதில் நிற்கட்டும். எண்ணைப் பற்றி வாதம் வேண்டாம்.

ஒரே ஒரு மின்குமிழின் கீழ் காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்துப் பாருங்கள். அச்சடித்தபோது வந்த பளபளப்பு குலையாத காசில் ஒளி சில்லின் ஆரக்கால்கள்போலச் சுற்றிவரும். மினுக்கிய காசில் அந்த ஓட்டம் இராது, எங்கும் ஒரே வெள்ளையாக மின்னும். லென்ஸ் வைத்தால் ஒரு பக்கமாக ஓடும் மயிரிழைக் கீறல்கள் தெரியும், எழுத்து இடுக்குகளில் மட்டும் கறுப்பு மிஞ்சியிருக்கும். புழங்கிய காசென்றால் மன்னரின் புருவம், காது, கிரீடத்தின் மேடுகள் மழுங்கி மங்கியிருக்கும். அங்கங்கே மோதிய தழும்பு இருந்தால் அதைக் குற்றமாக எடுக்காதீர்கள். நாணயசாலைச் சாக்கில் காசோடு காசு இடிபட்டு வருவது அது, புழங்காத காசிலும் இருக்கும்.

திருநீறு போட்டுத் தேய்த்து வெள்ளியை வெளுக்க வைப்பது நம் வீட்டு வழக்கம். பழைய ரூபாய்கள் பல அப்படித்தான் மதிப்பிழந்தன. உங்களுடையதை இனித் துடைக்கவே வேண்டாம். “வாங்கிய பிறகு அவர்தான் மினுக்கினார்” என்பதுதான் கடைக்காரரின் அடுத்த பதிலாக வரும். வாங்குமுன் அவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தால் அதை அழித்துவிடாதீர்கள். மின்னணுச் செய்திகளுக்கு 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் அங்கீகாரம் தருகிறது.

சரி, சட்டத்துக்கு வருவோம். 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டப்படி, விவரித்து விற்ற பொருள் அந்த விவரணத்தோடு ஒத்திருக்க வேண்டும். 1918 ரூபாய் கோடிக்கணக்கில் அடித்த காசு. அந்த ஆண்டு இந்திய ரூபாய்க்கு வெள்ளி போதாமல், அமெரிக்கா தன் வெள்ளி டொலர்களை உருக்கி பிரிட்டனுக்கு விற்றது. ஆக, ஆண்டுக்காக யாரும் 42,000 கொடுப்பதில்லை. நீங்கள் விலை கொடுத்தது ‘யூ.என்.சி.’ என்ற சொல்லுக்குத்தான். கையில் எடுத்துப் பார்த்தீர்கள் என்பதற்காக, விவரணத்தை நம்பி வாங்கவில்லை என்று ஆகிவிடாது.

‘விற்ற பொருள் திரும்ப எடுப்பதில்லை’ என்ற வரி மனம் மாறித் திரும்பி வருபவருக்குச் சரி. சொன்னது ஒன்று, தந்தது வேறு என்றால் அது கவசமாகாது. இப்படிப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வாசகங்களைக் கட்டுப்படுத்தவே 1997இல் நேர்மையற்ற ஒப்பந்த நியதிகள் சட்டம் வந்தது. ஆனால் ஒன்று: குறிப்பிட்ட அந்த ஒரே காசைத் தெரிந்தெடுத்து வாங்கி, இரண்டு மாதம் வைத்துமிருக்கிறீர்கள். கடிதத்தில் முழுப் பணத்தையும் கேளுங்கள். நீதிமன்றம் என்று வந்தால், யூ.என்.சி. காசின் விலைக்கும் இந்தக் காசின் விலைக்கும் உள்ள வித்தியாசம்தான் நிலைக்கும் என்று நினைக்கிறேன்.

கடைக்காரருக்கு இந்த வாரமே பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பில்லின் பிரதி, படங்கள், 14 நாள் அவகாசம், அவ்வளவு போதும். கூடவே பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் எழுத்தில் முறையிடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு ஒரு மாதம்தான் மிச்சம். வழக்குக்கு வருடக்கணக்கில் காலம் உண்டு என்ற எண்ணத்தில் இதைக் கோட்டை விடுபவர்கள் அதிகம். விவரம் கேட்க 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

இந்தத் தொகைக்கு நேரே வழக்குப் போட முடியாது, முதலில் மத்தியஸ்த சபை. இணக்கம் வராவிட்டால் அவர்கள் தரும் சான்றிதழோடுதான் நீதிமன்றம். சபையில் சட்டத்தரணிகள் உங்களுக்காகப் பேச இடமில்லை, நீங்களே பேச வேண்டும். ஆசிரியராக இருந்தவருக்கு அது கஷ்டமில்லை. லென்ஸையும் ஒரு டோர்ச்சையும் கொண்டு போங்கள்.

வழக்கு வரை போனால் நிபுணர் ஒருவர் தேவை. அவரது அபிப்பிராயத்தைச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 45ஆம் பிரிவு ஏற்கிறது. கொழும்புச் சேகரிப்பாளர் வாய்ப்பேச்சோடு நிற்காமல், இப்போதே பார்த்ததை எழுதிக் கையெழுத்திட்டுத் தருவாரா என்று கேளுங்கள். பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. போன்ற அமெரிக்க நிறுவனங்கள் மினுக்கிய காசுக்கு வழமையான எண் தராமல், ‘சுத்தம் செய்யப்பட்டது’ என்று குறித்தே திருப்பித் தரும். அந்தக் குறிப்பு உங்களுக்கு நல்ல ஆயுதம்தான். ஆனால் கட்டணம், தபால், காப்புறுதி எல்லாம் சேர்ந்தால் நீங்கள் கேட்கும் வித்தியாசத்தில் பெரும்பகுதி போய்விடும். மத்தியஸ்த சபை முடியும்வரை அனுப்ப வேண்டாம்.

பொலிசில் மோசடி என்று எழுதிக் கொடுக்கும் யோசனை இருந்தால் விட்டுவிடுங்கள். விற்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததென்று காட்ட வேண்டிவரும். கடைக்காரரும் யாரோ சொன்னதை நம்பி வாங்கியவராக இருக்கலாம்.