17 லட்சத்துக்கு 2013 ஆடி டிடி: பெர்சனல் லோனா, டாப்-அப்பா?

கேள்வி: வணக்கம் சார். வயசு 32, கோயம்புத்தூர் சரவணம்பட்டில ஐடி வேலை. கைக்கு மாசம் 1,20,000 வருது, வீட்டு லோன் 31,000 உட்பட எல்லா செலவும் போக 40,000 மிஞ்சும். சேமிப்பு 6 லட்சம். மனைவி இப்போதைக்கு வேலைக்குப் போகல, பொண்ணுக்கு 3 வயசு. ஆபீஸ் போக ஸ்விஃப்ட் இருக்கு. காலேஜ் நாள்ல இருந்தே எனக்கு ஆடி டிடிங்கற ரெண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் மேல ஒரு கிறுக்கு. இப்போ 2013 மாடல் 2.0 பெட்ரோல் ஒண்ணு, 58,000 கிமீ ஓடினது, 17 லட்சத்துக்கு வந்திருக்கு. ஹரியானா வண்டி, வேற மாநிலத்துக்கு மாத்த என்ஓசி (ஆட்சேபணை இல்லைங்கற சான்று) ரெடின்னு டீலர் சொல்றார். வண்டி பழசுன்னு பேங்க்ல கார் லோன் தரமாட்டேன்னுட்டாங்க. 6 லட்சத்த கைல இருந்து போட்டுட்டு மீதி 11 லட்சத்துக்கு பெர்சனல் லோன் எடுக்கவா, இல்ல வீட்டு லோன் மேலயே கூடுதல் கடனா டாப்-அப் வாங்கவா? வருஷத்துக்கு ரெண்டு தடவ செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேல ஓட்டிப் பாக்கணும்னும் ஆசை. டோக்கன் 25,000 குடுத்துட்டேன்.

பதில்: தம்பி, டோக்கன் குடுத்துட்டு யோசனை கேக்குறீங்க, பரவால்ல, பாதிப் பேரு வண்டிய வாசல்ல நிறுத்தி எலுமிச்சம்பழம் நசுக்கினதுக்கு அப்புறம்தான் எனக்கு எழுதுவாங்க, நீங்க கொஞ்சம் முன்னாடியே வந்துட்டீங்க.

கேட்டதுக்கு மொதல்ல கணக்கு. 11 லட்சம், 13 சதவீதம், 5 வருஷம்னா பெர்சனல் லோன் இஎம்ஐ ஏறக்குறைய 25,000 ரூபாய், மொத்த வட்டி 4 லட்சம். டாப்-அப் 9 சதவீதம், 15 வருஷம்னா இஎம்ஐ 11,150 தான் வரும், பாக்க அழகா இருக்கும், ஆனா வட்டி மட்டும் 9 லட்சத்த தாண்டும். சதவீதம் கம்மியா இருக்கறது மட்டும்தான் நம்ம கண்ணுல படுது, வருஷம் மூணு மடங்கானத யாரும் பாக்குறதில்ல. அதோட அந்த வண்டி 2013-ல பதிஞ்சது, 15 வருஷ ஆர்சி 2028-ல முடியுது, ரினியூ பண்ணிக்கலாம்தான், ஆனா வண்டிய நீங்க வித்து அத வாங்கினவனும் வித்ததுக்கு அப்புறம்கூட உங்க வீட்டுப் பத்திரம் அந்த கடனுக்காக பேங்க்ல இருக்கும். வரிச் சலுகை ஏதாவது வருமான்னு நெனச்சிருப்பீங்க, டாப்-அப் காசுல கார் வாங்கினா அந்த வட்டிக்கு வீட்டு லோன் கழிவு கிடையாது, சொந்த உபயோக கார் நஷ்டத்துக்கு வித்தாலும் அத வரில காட்ட முடியாது. ரெண்டுல எதுன்னு கேட்டா பெர்சனல் லோன்தான் தேவலாம்னு சொல்லுவேன், ஆனா ரெண்டுமே வேண்டாம்ங்கறதுதான் என் பதில், அதுக்கு காரணம் வட்டி இல்ல.

இந்த மாடல் 2012-ல இங்க வந்தப்போ ஷோரூம் விலை 48 லட்சத்த தாண்டி இருந்துச்சு. இன்னிக்கு அது உங்களுக்கு 17-க்கு கிடைக்குது, மூணுல ஒரு பங்கு. ஆனா அதோட ஹெட்லைட், கியர்பாக்ஸ கட்டுப்படுத்துற மெக்காட்ரானிக், சஸ்பென்ஷன் பார்ட் எல்லாம் இன்னும் 48 லட்ச ரூபா வண்டியோட பார்ட்ஸ்தான், அதுங்க விலை ஏறிட்டுத்தான் போகுது. 48 லட்சம் குடுத்து வாங்கினவரு ஒரு ரிப்பேருக்கு 2 லட்சம் குடுத்தா வண்டி விலைல 4 சதவீதம், அதே பில் உங்களுக்கு வந்தா 12 சதவீதம், அவரு சம்பளமும் உங்க சம்பளமும் ஒரே அளவு இல்ல. பழைய சொகுசு வண்டி வாங்குற எல்லாரும் வழுக்கி விழுற எடம் இதுதான்.

நானும் விழுந்தவன்தான். 2014-ல 9 லட்சம் குடுத்து ஒரு ஜெர்மன் செடான், மூணாவது ஓனரா வாங்கினேன், எந்த கம்பெனின்னு வேண்டாம். ஏழு மாசம் ராஜா மாதிரி ஓட்டினேன். எட்டாவது மாசம் அவினாசி ரோட்ல சிக்னல்ல நிக்கும்போது கியர் பொசிஷன் காட்டுற எழுத்து மினுக் மினுக்குனு அடிச்சுச்சு, பச்சை விழுந்துச்சு, வண்டி நகரல, பின்னாடி ஒரு டவுன் பஸ் ஹாரன விடாம அடிக்குறான். மெக்கானிக் அந்த மெக்காட்ரானிக்க கழட்டி பழைய பேப்பர் மேல வச்சுக் காட்டினாரு, நம்ம வீட்டு டிபன் பாக்ஸ் சைஸ்ல ஒரு சாமான், எண்ணெய் சொட்டிட்டு இருக்கு, 2,40,000 ரூபாய்னாரு. அப்போ என்கிட்ட ரிப்பேருக்குன்னு தனியா எடுத்து வச்ச காசு சுத்தமா பூஜ்யம். மியூச்சுவல் ஃபண்ட உடைச்சுதான் கட்டினேன், ஊருக்கெல்லாம் உடைக்காதீங்கன்னு சொல்ற ஆளு நான். வீட்டம்மா ஒண்ணும் சொல்லல, ஒரு வாரம் காபில சக்கரை கம்மியா இருந்துச்சு, அவ்ளோதான்.

சரி, உங்க வண்டிக்கு வருவோம். வருஷம் 6,000 கிமீ ஓட்டுறீங்க, வீக்கெண்டு ஊட்டி, வால்பாறைன்னு வச்சுக்குவோம். டவுனும் மலையும் கலந்து லிட்டருக்கு 8 கிமீ, அந்த எஞ்சினுக்கு 95 ஆக்டேன் பெட்ரோல் போடணும், 110 ரூபாய்னு போட்டா 82,000. இன்சூரன்ஸ்ல அடுத்தவங்களுக்கு ஆகுற நஷ்டத்துக்கான தேர்ட் பார்ட்டி மட்டுமே 1500 சிசிக்கு மேல, 2022-ல வச்ச ரேட்படி, 7,897, நம்ம வண்டி சேதத்துக்கான ஓன் டேமேஜ், ஜிஎஸ்டி எல்லாம் சேத்து 45,000 ஒதுக்கி வைங்க. சர்வீஸ் 50,000. 245/40 ஆர்18 டயர், நல்லதா நாலு வாங்கினா 60,000-க்கு கீழ எதிர்பாக்காதீங்க, மூணு வருஷத்துக்கு பிரிச்சா வருஷம் 20,000. ரிப்பேர் நிதி வருஷம் 1,25,000, இத போடாம யாரு கணக்கு காட்டினாலும் நம்பாதீங்க. ஆக 3,22,000, மாசம் 27,000. இஎம்ஐ 25,000 சேத்தா 52,000. உங்க கைல மிஞ்சுறது 40,000. அப்போ மாசா மாசம் 12,000 துண்டு விழும், அது மொதல்ல கிரெடிட் கார்டுல போய் நிக்கும், அப்புறம் பொண்ணு ஸ்கூல் ஃபீஸ் மாசம் வரும்போதுதான் வீட்ல பேச்சு ஆரம்பிக்கும். அஞ்சு வருஷம் இப்படி ஓட்டி 7 லட்சத்துக்கு வித்தீங்கன்னா, விலை, வட்டி, ஓட்டின செலவு எல்லாம் சேத்து 30 லட்சம் போயிருக்கும்.

அந்த 6 லட்சமும் உண்மைல உங்க கார் காசு இல்ல. உங்க மாசச் செலவு 80,000, ஒரே சம்பளம், ஐடி வேலை, ஆறு மாசத்துக்கு 4,80,000 தொடாம இருக்கணும். கார்னு சொல்லி எடுக்க முடிஞ்சது 1,20,000 தான்.

இன்சூரன்ஸ்ல ஒரு விஷயம் இருக்கு, இத டீலர் யாரும் சொல்ல மாட்டாங்க. வண்டிக்கு 10 வயசு தாண்டிட்டா மெட்டல் பார்ட்ஸ் விலைல பாதிய தேய்மானம்னு இன்சூரன்ஸ் கம்பெனி கழிச்சிரும், பிளாஸ்டிக், ரப்பர், டயர், பேட்டரிக்கு எந்த வயசுலயும் பாதி, கண்ணாடிக்கு மட்டும் கழிவு இல்ல. இந்த தேய்மானக் கழிவே இல்லாத ஜீரோ டெப் பாலிசி இந்த வயசு வண்டிக்கு கிடைக்கறது குதிரைக் கொம்பு. முன்னாடி ஒரு இடி, பில் 4 லட்சம், அதுல பார்ட்ஸ் 3,20,000-னா உங்க கை காசு 1,60,000, மேல கட்டாயக் கழிவு 2,000. டிடிக்கு முன்பக்க பாடி பெரும்பாலும் அலுமினியம், பின்பக்கம் ஸ்டீல், தெருமுனை டிங்கரிங் கடைல தட்டி நிமித்துற சமாச்சாரம் இல்ல. இடி இன்னும் பெருசுன்னா வேற கணக்கு: ஐடிவி, அதாவது பாலிசில போடுற வண்டி மதிப்பு, 12 லட்சம்னு போட்டிருந்து ரிப்பேர் செலவு அதுல 75 சதவீதத்த, அதாவது 9 லட்சத்த தாண்டிட்டா டோட்டல் லாஸ்னு முடிச்சிருவாங்க, 12 லட்சத்துக்கு செக் வரும், வண்டி போயிரும், உங்க கடன் பாக்கி அப்படியே இருக்கும். 5 வயசுக்கு மேல ஐடிவி பேசித்தான் வைக்கணும், அதனால பிரீமியம் 3,000 மிச்சம்னு ஐடிவிய இறக்கிறாதீங்க.

கரி ஸ்பீட்வே ஆசை நியாயமான ஆசை, நானே கைதட்டுவேன், ஆனா சாதாரண மோட்டார் பாலிசில ரேஸ், ஸ்பீட் டெஸ்ட் எல்லாம் விலக்குன்னு எழுதியே இருக்கும். ட்ராக்குல டயர் சுவத்துல போய் முட்டினா ஒரு ரூபா வராது. ட்ராக்தான் ஆசைன்னா பயிற்சிப் பள்ளிக்கு காசு கட்டி அவங்க வண்டில போங்க, முட்டினாலும் உங்க இஎம்ஐ வண்டி இல்ல.

ஹரியானா வண்டி ஏன் சல்லிசா வருதுன்னு தெரிஞ்சுக்கோங்க. டெல்லி என்சிஆர் பக்கம், அதாவது டெல்லியும் அத ஒட்டின ஹரியானா மாதிரி பக்கத்து மாநில மாவட்டங்களும், 15 வருஷம் தாண்டின பெட்ரோல் வண்டிக்கு தடைன்னு ரொம்ப நாளா ஒரு பயம் உண்டு, அதனால அங்க வயசாக ஆக விலை சரியும், இங்க ஏத்தி அனுப்புவாங்க. என்ஓசி மட்டும் இருந்தா போதாது. இங்க 12 மாசத்துக்கு மேல வண்டிய வச்சிருந்தா நம்ம ஊரு நம்பர் வாங்கணும், தமிழ்நாட்டு ஆயுள் வரி கட்டணும், வண்டி பழசானா அந்த வரி குறையும், ஆனா கணக்கு போடுறது நீங்க குடுக்குற 17 லட்சத்த வச்சு இல்ல, அன்னிக்கு புதுசா வாங்கின விலைய வச்சு. ஆர்டிஓல போய் அந்த எண்ணை தெரிஞ்சுக்காம டீலர்கிட்ட விலையே பேசாதீங்க. ஹரியானா எச்ஆர் ப்ளேட்லயே ஓட்டிக்கலாம் சார்னு எவனாவது சொன்னா அவன்கிட்ட வேற எதையும் நம்பாதீங்க. ஆர்சில ஹைப்பாதிகேஷன், அதாவது வண்டி மேல கடன் இருக்குங்கற பதிவு, இருக்கான்னு பாருங்க, இருந்தா கடன் தீந்துச்சுன்னு காட்டுற ஃபார்ம் 35 இல்லாம காசு கைமாறக் கூடாது.

இவ்ளோ சொன்னதுக்கு அப்புறமும் மனசு அந்த வண்டியவே சுத்தும், எனக்குத் தெரியும். அதனால பாக்கறதுன்னா இப்படிப் பாருங்க. காலைல 7 மணிக்கு, முன்கூட்டி சொல்லாம போங்க, பானெட்ட தொட்டுப் பாருங்க, சூடா இருந்தா யாரோ முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்க, இன்னொரு நாள் வாங்க. குளிர்ந்த எஞ்சின ஸ்டார்ட் பண்ணும்போது மொத ரெண்டு செகண்டு கடகடன்னு சத்தம் வந்தா டைமிங் செயின இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர்ல கோளாறுன்னு அர்த்தம், இந்த எஞ்சின் குடும்பத்துக்கே இருக்குற பழைய வியாதி, செயின் வழுக்கிட்டா வால்வு வளைஞ்சு எஞ்சினே போயிரும். அடுத்தது ஆயில், ஒரு சர்வீஸ்க்கும் அடுத்ததுக்கும் நடுவுல எத்தன லிட்டர் ஊத்தினீங்கன்னு சும்மா பேச்சுவாக்குல கேளுங்க, 'இந்த வண்டிக்கு அது நார்மல் சார்'னு பதில் வந்தா ஆயில் குடிக்கிற எஞ்சின்னு அர்த்தம். கியர்பாக்ஸ் ஆயில் 60,000 கிமீல மாத்தணும், உங்க வண்டி 58,000-ல நிக்குது பாருங்க, எவ்ளோ வசதியான எடத்துல முந்தின ஓனர் வித்திருக்காரு! டயர் நாலும் நாலு கம்பெனியா இருந்தா முந்தின ஓனருக்கு காசு தீந்துபோச்சுன்னு புரிஞ்சுக்கலாம், நாலு சக்கரத்துக்கும் பவர் போற குவாட்ரோ வண்டிக்கு அது ஆகவும் ஆகாது. அப்புறம், பழைய ஸ்கோடா லாரா, சூப்பர்ப் 1.8 டிஎஸ்ஐ பாக்குற மெக்கானிக் ஒருத்தர கூட்டிட்டுப் போங்க, அந்த எஞ்சினும் டிடி எஞ்சினுக்கு சொந்தக்காரப் பய மாதிரிதான், ஸ்கேனர் போட்டாருன்னா செயின் எவ்ளோ நீண்டிருக்குன்னு எண்ணாவே வரும். 5,000 கேப்பாரு, குடுங்க.

நான் உங்க எடத்துல இருந்தா மாசம் 30,000 ஆர்டிலயோ லிக்விட் ஃபண்ட்லயோ போடுவேன். ரெண்டரை வருஷத்துல கைல இருக்குற 1,20,000-த்தோட 11 லட்சம் பக்கம் சேரும். அதுல 8,50,000-க்குள்ள வண்டி, மீதி 2,50,000 ரிப்பேருக்குன்னு தனி அக்கவுண்ட்ல. கடன் பூஜ்யம். அந்த ரெண்டரை வருஷமும் மாசம் 30,000 எடுத்து வைக்க முடியலன்னா, டிடி ஓட்டுற 27,000-மும் உங்களால முடியாதுன்னு வண்டி வாங்காமலே தெரிஞ்சிரும். டிடி உற்பத்திய 2023 நவம்பர்ல ஹங்கேரி ஃபேக்டரில நிறுத்திட்டாங்க, இனி கிடைக்காதுன்னு டீலர் அவசரப்படுத்துவாரு, ஆனா இங்க இருக்குற வண்டிங்க ஒண்ணும் ஓடிப்போயிராது. அதுக்குள்ள உங்க மனைவி வேலைக்குப் போகலாம், சம்பளம் ஏறலாம், அப்போ 2015-க்கு அப்புறம் வந்த மாடலையே பாக்கலாம். ஸ்விஃப்ட மட்டும் விக்காதீங்க, டிடி ஒர்க்ஷாப்ல படுத்திருக்கும்போது ஆபீஸ் போக அதுதான் வரும், பொண்ணும் அதுலதான் உக்காருவா, டிடி பின்சீட்டுல ஸ்கூல் பேக் வைக்கலாம், ஆள் வைக்க முடியாது.

இனி அந்த 25,000. ரசீதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. இன்ஸ்பெக்‌ஷன்ல ஃபெயில் ஆனா ரிட்டர்ன்னு இல்லன்னா இன்னிக்கே வாட்ஸப்புல, போன்ல இல்ல, எழுத்துல, 'மெக்கானிக்க கூட்டிட்டு வரேன், சர்வீஸ் ஹிஸ்டரியும் ஒரிஜினல் இன்வாய்ஸும் அனுப்புங்க'ன்னு கேளுங்க. அனுப்ப மாட்டேன்னா அதையே காரணமா காட்டி காச திருப்பிக் கேளுங்க. பாதி திருப்பித் தரேன்னு இறங்கி வந்தாலும் வாங்கிக்கோங்க. ஒண்ணுமே தரலன்னா போகட்டும், 25,000-த்த மீக்கணும்னு 17 லட்சத்த கொண்டுபோய் குடுத்துறாதீங்க.