பினாங்கில் பறவை நோக்கலைத் தொடங்குபவர் எந்தப் புத்தகத்தை முதலில் வாங்க வேண்டும்?

பினாங்கில் குடியிருந்துகொண்டு பறவைகளைக் கவனிக்கத் தொடங்கும் நீங்கள், முதலில் எந்தப் புத்தகத்தை வாங்குவது என்றும் தமிழில் ஏதேனும் கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் புத்தகம் நாம் வாழும் நிலத்தின் பறவைகளைப் பற்றியதாக இருக்க வேண்டும், மொழியை அதற்கடுத்தே பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காரணத்தை ஒரு பறவையை வைத்தே விளக்கிவிடலாம். தண்ணீர்மலைப் பக்கமுள்ள தாவரவியல் பூங்காவிலும் நம் வீட்டு வேலிகளிலும் ஓயாமல் குரல் கொடுக்கும் சின்னானுக்கு முகம் வெண்மையாகவும், உச்சந்தலையும் கண்ணுக்கும் அலகுக்கும் இடைப்பட்ட பகுதியும் கருமையாகவும், வாலின் அடிப்புறம் மஞ்சளாகவும் இருக்கும். தமிழ்நாட்டுப் பறவைகளுக்கான கையேட்டைப் புரட்டினால், வெள்ளைப் புருவமும் மஞ்சள் அடிவாலும் கொண்ட வெண்புருவச் சின்னானின் படம் கண்ணில் படும். இதுதான் அது என்று முடிவுகட்டிவிடத் தோன்றும். ஆனால் வெண்புருவச் சின்னான் இந்தியத் தீபகற்பத்திலும் இலங்கையிலும் மட்டுமே வாழ்வது; நம் வேலியில் அமர்வது வேறோர் இனம்.

எனவே, ஆலன் ஜெயராஜசிங்கமும் ஆலன் பியர்சனும் இணைந்து உருவாக்கிய, தீபகற்ப மலேசியா, சிங்கப்பூர்ப் பறவைகளுக்கான ஆங்கிலக் கையேட்டை முதலில் வாங்குங்கள். 1999இல் வெளிவந்த முதல் பதிப்பைவிட 2012இன் இரண்டாம் பதிப்பே நல்லது. பழைய நூல்களில் சில அறிவியல் பெயர்கள் இப்போதைய பெயர்களோடு பொருந்துவதில்லை என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில், ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதி க்ரியா வெளியிட்ட அறிமுகக் கையேட்டை மனமாரப் பரிந்துரைக்கிறேன். குயில், செம்பருந்து, வெண்மார்பு மீன்கொத்தி, தையல்சிட்டு போன்றவை இந்தியா, மலேசியா இரண்டுக்கும் பொது என்பதால், அவற்றின் பெயர்களைப் பிள்ளைகளுக்குத் தமிழிலேயே சொல்லித்தர அது பெரிதும் உதவும்.

கைப்பேசிக்கு, கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி இலவசமாகவே கிடைக்கிறது. மலேசியாவுக்கான தொகுப்பை மறவாமல் பதிவிறக்கிக்கொள்ளுங்கள். அதே ஆய்வகத்தின் இ-பேர்ட் தளத்தில் பினாங்கு மாநிலத்தைத் தேர்ந்தெடுத்தால், எந்தப் பறவை எந்த மாதங்களில் பதிவாகிறது என்பதைப் பட்டை வரைபடமாகக் காட்டும். ஐயத்துக்குரிய பறவை அந்த மாதத்தில் இங்கே பதிவாவதுண்டா என்று பார்த்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். குரல்களை ஒப்பிட ஸெனோ-கான்டோ தளம் போதும், ஆனால் கூடு கட்டியிருக்கும் பறவையின் அருகில் அந்த ஒலிகளை இசைக்காதீர்கள்.

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் கடலோரச் சேற்றுவெளிகளுக்கு ஏறத்தாழ செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை வலசை வரும் உள்ளான்கள் எனப்படும் கரையோரப் பறவைகள் மட்டும் புத்தகத்தால் எளிதில் பிடிபடுவதில்லை. குளிர்காலத்தில் பெரும்பாலானவை ஒரே சாம்பல் நிறத்தில் இருப்பதால், அலகின் நீளத்தையும் இரை தேடும் முறையையும் பழகிய ஒருவர் பக்கத்தில் நின்று காட்ட வேண்டியிருக்கிறது. அதற்கு, 1940இல் தொடங்கப்பட்ட மலேசிய இயற்கைக் கழகத்தின் பினாங்குக் கிளையினரைத் தொடர்புகொள்ளுங்கள்.